ஒரு பக்கம் முன்கதைச் சுருக்கம் போடுங்கள்

தமிழில் சிறுவர் நாவல்கள் வெளியிடும் பதிப்பாளர்களுக்கு வணக்கம்.

மண்டபம் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறேன். தொடர் நாவல்கள் எங்கள் பக்கம் வரிசையாக வந்து சேர்வதே இல்லை, யாரோ கொடுக்கும் பழைய புத்தகக் கட்டில் நடுவிலிருந்து ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். அப்படி வந்ததுதான் சி. எஸ். லூயிஸ் ஆங்கிலத்தில் எழுதிய, நார்னியா என்ற கற்பனை நாட்டுக் கதை வரிசையில் 'தி வாயேஜ் ஆஃப் தி டான் ட்ரெடர்'. 1952இல் வந்தபோது அது மூன்றாவது புத்தகம். பிற்பாடு கதை நடக்கும் காலப்படி எண்ணை மாற்றி, 1955இல் வந்ததை முதலில் வைத்துவிட்டதால் எங்கள் பிரதியில் 5 என்று இருக்கிறது. பார்த்ததுமே "முதல் நாலும் எங்க?" என்றார்கள்.

தமிழில் சொல்லச் சொல்ல உட்கார்ந்துவிட்டார்கள். புயலில் பாய்மரம் போய், அப்புறம் காற்றே விழுந்து, கப்பலில் குடிதண்ணீரை அளந்து கொடுக்கும் இடம் வருகிறது. யூஸ்டஸ் என்ற பையன் ராத்திரி தண்ணீர் திருடப் போய் ரீப்பிசீப் என்ற வீர எலியிடம் மாட்டிக்கொள்கிறான். மணலில் ஊற்றுத் தோண்டி, ஊற ஊற மொண்டு குடம் நிரப்பும் வீட்டுப் பிள்ளைகள் இவர்கள், அவன் செய்தது தப்பா இல்லையா என்று பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் கிழக்கே போகப் போகக் கடல் தண்ணீரே நல்ல தண்ணீராகிவிடும், அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னார்கள்.

ஆனால் காஸ்பியன் யார், லூசியும் எட்மண்டும் முன்னாடியே நார்னியாவுக்குப் போயிருக்கிறார்களா, கதையில் வரும் சிங்கம் யார் என்று நடுநடுவே கதை நின்றது. நான் பக்கத்தில் இருந்ததால் சொன்னேன். தனியாகப் படிக்கும் பிள்ளை மூடி வைத்துவிடும்.

வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்கெல்லாம் முன்கதைச் சுருக்கம் போட்ட ஊர்தானே நம்முடையது? மொழிபெயர்ப்போ சொந்தக் கதையோ, தொடரின் ஒவ்வொரு புத்தகத்திலும் முதலில் ஒரே ஒரு பக்கம் ஒதுக்குங்கள். முந்தைய கதையின் முடிச்சை அவிழ்க்க வேண்டாம், இந்தப் புத்தகத்துக்குத் தேவையான ஆட்களைச் சொன்னால் போதும். எண்ணையும் வெளிவந்த வரிசைப்படியே போடுங்கள்.

அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தை அனுப்பினால், எங்கள் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டி எங்கே புரியவில்லை என்று எழுதி அனுப்புகிறேன்.