ஒரு நாள் சுத்தலும் கொஞ்சம் போட்டோவும்

மாப்ள,

உன் லெட்டர படிச்சதும் சிரிப்புதான் வந்துச்சு. ஒரே நாள்ல ஆறு இடம் பாக்கணும், அதுக்கு புது கேமரா வேற வாங்கவான்னு கேக்குற. கேமரா வேணாம், இடத்த கொற, அவ்ளோதான் என் பதில். ஆனா அப்டி ஒரு வரில முடிச்சா போன் போட்டு திட்டுவ, அதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

இங்க எல்லாரும் சௌக்கியம். எனக்கு முட்டி வலி மட்டும் வந்து வந்து போகுது, அதனால மலை ஏறுறதெல்லாம் விட்டுட்டு காலைல கிளம்பி ராத்திரிக்குள்ள வீடு திரும்புற மாதிரி இடமா பாத்து போயிட்டு வரேன். பெரிய பொண்ணு இப்பல்லாம் என்ன விட நல்லா போட்டோ எடுக்குறா, கொஞ்சம் பொறாமைதான்.

ஒரு நாள் ட்ரிப்ல சிக்கல் என்னன்னா நாம போய் சேரவே பத்து பதினொன்னு ஆயிடும், அதுக்குள்ள வெயில் உச்சிக்கு ஏறிடும், கண்ணுக்கு கீழ மூக்குக்கு கீழன்னு மூஞ்சி பூரா கருப்பா நிழல் விழும், எவ்ளோ காஸ்ட்லியான கேமராவுக்கும் அதே கதிதான். சூரியன் தாழ்வா இருக்குறப்ப வெளிச்சம் காத்துல ரொம்ப தூரம் கடந்து வருது, வழியிலயே நீலம் சிதறிப் போயி மஞ்சளும் சிவப்பும்தான் நம்மகிட்ட வந்து சேருது, நிழலும் நீளமா சாயறதால செவுத்துல பாறைல இருக்குற மேடுபள்ளம்லாம் எடுப்பா தெரியும். அதனால உனக்கு ரொம்ப புடிச்ச இடம் எதுவோ அத சாயங்காலத்துக்கு வச்சுக்கோ, மத்தியானத்துல மியூசியம், கூரைக்கு உள்ள பாக்குற இடம்னு போயிடு. தூரத்த மட்டும் பாத்து லிஸ்ட் போடாத, வெளிச்சத்தையும் பாத்து போடு.

போற வழில வண்டிக்குள்ள இருந்து எடுக்கணும்னா லென்ஸ கண்ணாடிய ஒட்டி வை, ப்ளாஷ ஆஃப் பண்ணு, இல்லன்னா உன் மூஞ்சியும் சேந்து விழும். கிட்ட இருக்குற மரம் எப்டியும் கலங்கிடும், தூரத்துல இருக்குறத குறி வை.

கூட்டமா இருக்கும்னு பொலம்பியிருந்த. போட்டோ எடுக்குற முறைய ஆரம்பத்துல கண்டுபுடிச்சவங்கள்ல ஒருத்தரான லூயி டாகேர் 1838ல பாரிஸ்ல ஒரு ரோட்ட படம் புடிச்சார், ஆளும் வண்டியுமா போயிட்டு இருந்த ரோடுதான், ஆனா படத்துல வெறிச்சோடி கெடக்கும், ஏன்னா அப்ப படம் உலோகத் தகட்டுல பதிய நிமிஷக்கணக்குல ஆகும், நகர்ந்துட்டே இருந்தவங்க யாரும் விழல, ஷூ பாலிஷ் போட நின்ன ஒரு ஆளும் பாலிஷ் போட்டவரும் மட்டும் மாட்டிக்கிட்டாங்க. இப்பவும் ஸ்டாண்டுல கேமராவ வச்சு லென்ஸ்ல வெளிச்சத்த கொறைக்கிற கருப்பு ஃபில்டர் மாட்டி ரொம்ப நேரம் திறந்து வச்சா நகர்ற கூட்டம் காணாமப் போயிடும். எனக்கு என்னவோ ஆளுங்களோட இருந்தாதான் படம் புடிக்குது, காலி இடத்த போஸ்ட் கார்டுலயே பாத்துக்கலாம்.

இன்னொன்னு, இதான் முக்கியம். லிண்டா ஹெங்கல்னு ஒரு சைக்காலஜிஸ்ட் மியூசியத்துல சில பேர கூட்டிட்டுப் போயி டெஸ்ட் பண்ணாங்க, 2014ல வெளிவந்துச்சு. சும்மா பாத்த பொருள விட முழுசா போட்டோ எடுத்த பொருள்தான் கம்மியா ஞாபகம் இருந்துச்சாம், கேமரா பாத்துக்கும்னு மூளை விட்டுடுது போல. ஆனா ஜூம் பண்ணி ஒரு பகுதிய மட்டும் எடுத்தவங்களுக்கு அந்த மறதி இல்ல, படத்துல வராத பகுதி கூட நெனவு இருந்திருக்கு. அதப் படிச்சதுல இருந்து நான் ஒரு இடத்துக்கு போய் சேந்ததும் போன கையில எடுக்குறதில்ல, ஒரு சுத்து சுத்தி வந்து, எது கண்ண இழுக்குதோ, ஒரு கதவு கைப்பிடியோ உடஞ்ச படியோ, அதுகிட்ட போயி எடுக்குறேன். ஆறு இடத்துக்கு ஓடுனா இதுக்கெல்லாம் நேரம் எங்க இருக்கு சொல்லு.

போயிட்டு வந்து படத்த வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பாத, அமுக்கி சின்னதாக்கிடும், டாக்குமெண்டா அனுப்பு. பவர் பேங்க் மறக்காத, போன்ல மேப்பும் கேமராவும் சேந்து ஓடுனா மதியத்துக்குள்ள சார்ஜ் போயிடும். தங்கச்சிய கேட்டதா சொல்லுடா.