அட்வான்ஸை வருமானமாக்கிய ஆண்டுக் கணக்கு: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
இயக்குநர்,
கல்யாண மண்டப முன்பதிவு மென்பொருள் நடத்தும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர்,
கணக்கு மற்றும் கம்பெனிப் பதிவுச் சேவை நிறுவனம்,
சென்னை.

நாள்: 6 ஜனவரி 2025

பொருள்: 2023-24 ஆண்டுக் கணக்கில் நடந்த தவறுகள், தாமதக் கட்டணம், கேட்காமல் எடுத்த புதுப்பிப்புத் தொகை ஆகியவை குறித்து.

ஐயா,

2023 டிசம்பர் கடைசியில் உங்கள் ஆண்டுச் சந்தாவைக் கட்டினேன். மாதக் கணக்கு எழுதுவது, ஜிஎஸ்டி தாக்கல், ஆண்டுக் கணக்குத் தயாரிப்பு, கம்பெனிப் பதிவாளரிடம் பதிவேற்றுவது எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. விலை அதிகம் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. வேலை நடந்த விதம்தான் புகார்.

எங்களுடையது சின்னக் கம்பெனி. நானும் என் மைத்துனரும்தான் இயக்குநர்கள், பங்குதாரர்களும் நாங்கள் இருவரே. ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். எந்த முகூர்த்தம் யாருக்கு, எவ்வளவு அட்வான்ஸ், கரண்ட் பில்லும் பாத்திர வாடகையும் எவ்வளவு என்று மண்டபக்காரர்கள் பார்த்துக்கொள்வதற்கான மென்பொருள் எங்களுடையது. வருஷச் சந்தா 18,000, ஜிஎஸ்டி சேர்த்து 21,240. மார்கழியில் மண்டபங்கள் சும்மா கிடக்கும். தை பிறந்தால்தான் அவர்கள் கையில் காசு புரளும், எங்களுக்கும் புதுப்பித்துத் தருவார்கள். ஆக, வருஷத்தின் பெரும்பகுதிப் பணம் தை, மாசியில் வந்து சேரும். அது வந்த சூடு ஆறுவதற்குள் மார்ச் 31 வந்துவிடும். எங்கள் கணக்கில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஏறக்குறைய இது ஒன்றுதான். சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் ஆட்களுக்கு இதைப் போனில் சொன்னேன், மெயிலிலும் எழுதினேன்.

ஒரு மண்டபம் 2024 பிப்ரவரி 1 அன்று 18,000 கட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 1,500. மார்ச் 31 வரை நாங்கள் சேவை கொடுத்தது இரண்டு மாதம். எனவே அந்த ஆண்டின் வருமானம் 3,000. மீதி 15,000 ரூபாய் எங்கள் வங்கிக் கணக்கில் இருக்கிறதே தவிர, இன்னும் எங்களுடையது ஆகவில்லை. பத்து மாத வேலை பாக்கி இருக்கிறது. இது பெரிய கம்பெனிகளுக்கான சூட்சுமம் இல்லை. எங்களைப் போன்ற சிறு கம்பெனிகளுக்குப் பொருந்தும் கணக்கியல் தரம் ஏஎஸ் 9-இன் பின்னிணைப்பில், பத்திரிகைச் சந்தாவை எப்படிப் பிரித்துக் காட்டுவது என்று உதாரணமே கொடுத்திருக்கிறார்கள். கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், நடப்புப் பொறுப்புகளின் (சீக்கிரம் தீர்க்க வேண்டிய கடன், கடமைகளின்) கீழ், முன்கூட்டிப் பெற்ற வருமானத்துக்குத் தனித் தலைப்பும் உண்டு.

முந்தைய ஆண்டு வரை எங்கள் கணக்கைப் பார்த்த பெரியவர் ஓய்வு பெற்றதால்தான் உங்களிடம் வந்தோம். 2023 மார்ச் 31 கணக்கில் அவர் அந்தத் தலைப்பில் 38,20,000 ரூபாய் வைத்திருந்தார். அந்தக் கோப்பும், எந்த மண்டபத்துக்கு எத்தனை மாதம் பாக்கி என்ற எக்செல் பட்டியலும் உங்களிடம் கொடுத்தோம்.

இனி, 2024 செப்டம்பர் 4 அன்று நீங்கள் அனுப்பிய வரைவுக்கு வருகிறேன். அந்த வருஷம் 410 மண்டபங்களுக்கு பில் போட்டோம், மொத்தம் 73,80,000. மார்ச் 31 அன்று சேவை பாக்கி 50,40,000. அந்த வருஷத்தில் செய்து முடித்த பழைய பாக்கி 38,20,000-ஐக் கூட்டி, புதிய பாக்கியைக் கழித்தால் வருமானம் 61,60,000. எல்லாச் செலவும் போக லாபம் 7,10,000. இதுதான் எங்கள் கம்பெனியின் நிஜமான முகம். பெருமைப்பட ஒன்றுமில்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை.

உங்கள் வரைவில் லாபம் 57,50,000 என்று இருந்தது.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். ஒரு அரை மணி நேரம். அப்புறம் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தேன். அந்த லாபம் அங்கே எங்கேயும் இல்லை. வரைவைப் பிரித்துப் பார்த்ததில் இரண்டு கூத்துகள் தெரிந்தன. பில் போட்ட 73,80,000-ஐயும் முழுசாக வருமானம் என்று காட்டிவிட்டீர்கள். அது போதாது என்று, பழைய பொறுப்பாக இருந்த 38,20,000-ஐ 'இனி செலுத்த வேண்டியதில்லை' என்று தள்ளுபடி செய்து, அதையும் இதர வருமானத்தில் சேர்த்துவிட்டீர்கள். யாரும் அசைக்காமல் கிடக்கும் பழைய பாக்கி என்று உங்கள் ஆட்கள் நினைத்திருப்பார்கள் போல. அந்தப் பாக்கிக்கு உரியவர்கள் அந்த வருஷம் முழுக்க தினமும் எங்கள் மென்பொருளைத் திறந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் லாபத்துக்கும் எங்கள் லாபத்துக்கும் வித்தியாசம் 50,40,000. மண்டபங்களுக்கு நாங்கள் இன்னும் செய்து கொடுக்க வேண்டிய வேலையின் மதிப்பு எதுவோ, ஒரு ரூபாய் பிசகாமல் அதே தொகை. நாங்கள் பட்டிருக்கும் கடமையை நீங்கள் லாபம் என்று எழுதிவிட்டீர்கள். நாங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் 25.168 சதவீத வரி விகிதத்தில், இல்லாத லாபத்துக்கு 12,68,467 ரூபாய் வரி. அதைக் கட்ட வேண்டும் என்றால், மண்டபக்காரர்கள் அடுத்த பத்து மாத சேவைக்காகக் கொடுத்த காசில் இருந்துதான் எடுக்க வேண்டும்.

இதைக் கேட்கப் போன் செய்தபோது எடுத்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார், குறை சொல்ல மாட்டேன். "சார், ஜிஎஸ்டி ரிட்டர்ன்ல 73.80 லட்சம் காட்டியிருக்கீங்க, கணக்குல குறைச்சுக் காட்டினா நோட்டீஸ் வரும்" என்றார். இந்தப் பயம் நிறையப் பேருக்கு இருப்பது தெரியும். சேவைக்கான ஜிஎஸ்டி, பில் போட்டதும் அல்லது பணம் வந்ததும் முழுத் தொகைக்கும் கட்ட வேண்டியது. அதை நாங்கள் கட்டிவிட்டோம். கம்பெனிக் கணக்கில் வருமானம் வேலை நடந்த அளவுக்குத்தான். இரண்டும் ஒத்துப்போகாது, ஒத்துப்போகவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒப்பீட்டுப் பட்டியல் இருந்தால் போதும். அதைத் தயாரிக்கத்தான் உங்களுக்குச் சம்பளம். வருமான வரிக்கான கணக்கீட்டுத் தரம் ஐசிடிஎஸ் 4-கூட, ஒரு காலம் முழுக்க விட்டுவிட்டு நடக்கும் இந்த மாதிரிச் சேவையைக் காலத்துக்குச் சமமாகப் பிரித்துக் காட்ட இடம் தருகிறது.

அந்தத் தம்பிக்குப் புரியவில்லை. கடைசியில் மண்டபத்தை வைத்தே சொன்னேன். ஆடி மாதம் ஒருவர் வந்து தை முகூர்த்தத்துக்கு 50,000 அட்வான்ஸ் கொடுக்கிறார். மண்டபக்காரர் அதை அன்றைக்கே லாபம் என்று எண்ணிச் செலவழிப்பாரா? நாளைக்குப் பெண் வீட்டார் நிறுத்திவிட்டார்கள் என்று வந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டாமா? எங்கள் வாடிக்கையாளர்களில் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். அட்வான்ஸ் நோட்டு தனி, வரும்படி நோட்டு தனி என்று பிரித்து வைக்காத ஆளை நான் இதுவரை பார்க்கவில்லை.

அந்தத் தள்ளுபடிப் பதிவை யார் போட்டது என்று கேட்டேன், பதில் இல்லை. நானே பார்த்துக்கொண்டேன். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் திருத்தப் பதிவேடு (எந்தப் பதிவு எப்போது போட்டது, மாற்றியது என்ற குறிப்பு) அணைக்க முடியாதபடி ஓட வேண்டும் என்பது விதி. அதில் இருக்கிறது: 2024 ஆகஸ்ட் 19, இரவு 11:40-க்கு, மார்ச் 31 தேதியிட்டுப் போட்ட பதிவு. விவரக் குறிப்பில் 'கலந்து பேசியபடி' என்று எழுதியிருக்கிறது. யாரோடு பேசினீர்கள்? எனக்கோ மைத்துனருக்கோ ஒரு போன் வரவில்லை.

மூன்று வாரம் சண்டை போட்ட பிறகு திருத்திய கணக்கு செப்டம்பர் 25 அன்று வந்தது. பொதுக்கூட்டத்துக்கு நாட்கள் குறைவாக இருந்ததால் குறுகிய கால அறிவிப்புக்கு நாங்கள் இருவரும் சம்மதம் எழுதிக் கொடுத்து, 27-ஆம் தேதி கூட்டத்தை முடித்து, கையெழுத்தான தாள்களை அன்று மாலையே உங்களுக்கு அனுப்பினேன். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

கணக்கைப் பதிவேற்றும் ஏஓசி-4 படிவத்துக்குக் கூட்டம் நடந்ததில் இருந்து 30 நாள், அதாவது அக்டோபர் 27 வரை கெடு. சிறு கம்பெனிகளுக்கான எம்ஜிடி-7ஏ ஆண்டறிக்கைக்கு 60 நாள், நவம்பர் 26 வரை. நீங்கள் இரண்டையும் ஏற்றியது டிசம்பர் 12. நடுவில் நான் அனுப்பிய ஐந்து மெயில்களுக்கும் 'வேலை நடந்துகொண்டிருக்கிறது' என்ற ஒரே பதில். எங்கள் கோப்பைப் பார்த்துவந்தவர் அக்டோபரிலேயே வேலையை விட்டுப் போய்விட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 46 நாளுக்கு 4,600, 16 நாளுக்கு 1,600, ஆக 6,200. இந்தக் கட்டணத்துக்கு உச்சவரம்பு இல்லை என்பதால் இதோடு போனதே என்று ஆறுதல்பட வேண்டியிருக்கிறது. அதை 'அரசுக் கட்டணம்' என்று தலைப்பிட்டு எங்கள் பில்லிலேயே சேர்த்திருக்கிறீர்கள். எங்கள் மூலதனத்துக்கு ஒரு படிவத்துக்கு 300 ரூபாய்தான் அரசுக் கட்டணம். அந்த 600-ஐ மட்டும் நாங்கள் ஏற்கிறோம்.

அதே பில்லில் வருமான வரித் தணிக்கைக்கு என்று 12,000 வேறு. கம்பெனி என்றால் எவ்வளவு சிறியதானாலும் கம்பெனிச் சட்டப்படி தணிக்கை வேண்டும், அது தெரியும், அதற்குப் பணம் கொடுத்தாகிவிட்டது. வரித் தணிக்கை வேறு. விற்றுமுதல் 1 கோடியைத் தாண்டினால்தான் அது வரும். ரொக்க வரவும் செலவும் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 10 கோடி வரை தேவையில்லை. எங்களுக்கு ரொக்கமே கிடையாது. உங்கள் முதல் வரைவின் 73.80 லட்சத்தையும் 38.20 லட்சத்தையும் கூட்டி 1.12 கோடி என்று வைத்தாலும் எங்களுக்கு அது பொருந்தாது.

என்னை அதிகம் உறுத்துவது பதிவாகிவிட்ட கணக்கின் பின்னிணைப்புக் குறிப்புகள். எண்கள் இப்போது சரி. ஆனால் கணக்குக் கொள்கைகள் பகுதியில் நாங்கள் இன்ட் ஏஎஸ் 115 என்ற கணக்கியல் தரத்தைப் பின்பற்றுவதாக எழுதியிருக்கிறது. அது பட்டியலிடப்பட்ட கம்பெனிகளுக்கும் 250 கோடி நிகர மதிப்பு உள்ளவர்களுக்கும் ஆனது. அதற்கு அடுத்த பத்தியில் எங்கள் சரக்கு இருப்பை விலை, சந்தை மதிப்பு இரண்டில் குறைந்ததில் மதிப்பிடுகிறோமாம். எங்களிடம் இருக்கும் ஒரே சரக்கு ஆபீஸ் காபிப் பொடி. வேறு யாருடைய கணக்கிலிருந்தோ அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். இரண்டு நாளில் கையெழுத்துப் போட வேண்டிய அவசரத்தில், எண்களை மட்டும் பத்துத் தடவை பார்த்துவிட்டுக் குறிப்புகளைப் படிக்காமல் விட்டது என் தப்பு. அதை மறுக்கவில்லை. ஆனால் கூட்டத்தில் ஏற்று, பதிவேற்றிய கணக்கை நாமாகத் திருத்த வேண்டும் என்றால் சட்டத்தின் 131-ஆம் பிரிவின்படி தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் அனுமதி வாங்க வேண்டும். ஒட்டு வேலைக்காக யார் அங்கே போய் நிற்பது? நாளைக்கு வங்கியில் கடன் கேட்டால், அந்த அதிகாரி படிக்கப்போவது இதைத்தான்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். ஆடிட்டரையும் நீங்களே ஏற்பாடு செய்தீர்கள். தணிக்கை செய்பவரே நேராகவோ சுற்றி வளைத்தோ அந்தக் கம்பெனிக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கக் கூடாது என்று 144-ஆம் பிரிவு சொல்கிறது. அவருக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் பங்கோ கூட்டோ உண்டா, இல்லையா என்று எழுத்தில் சொல்லுங்கள். 38,20,000 ரூபாய்த் தள்ளுபடி அவர் கண்ணில் படாமல் எப்படி வரைவாக எங்களிடம் வந்தது என்பதற்கு இதில்தான் விடை இருக்கும் என்று தோன்றுகிறது.

இத்தனைக்குப் பிறகு டிசம்பர் 28 அன்று அடுத்த வருஷத்துக்கான 49,560 ரூபாயை என் கார்டிலிருந்து எடுத்துக்கொண்டீர்கள். புதுப்பிக்கப் போவதில்லை என்று டிசம்பர் 16-ஆம் தேதியே எழுதியிருந்தேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் அந்த 49,560-ஐயும், தாமதக் கட்டணம் 6,200-ஐயும், வரித் தணிக்கை என்று வாங்கிய 12,000-ஐ அதற்கான ஜிஎஸ்டியோடும் திருப்பி அனுப்புங்கள். எங்கள் கணக்குக் கோப்பின் முழுப் பிரதி, திருத்தப் பதிவேட்டோடு, எனக்கு வேண்டும். மண்டபவாரியான பாக்கிப் பட்டியலும் வேண்டும், புதிய ஆடிட்டர் கேட்கிறார். 144-ஆம் பிரிவு பற்றிய கேள்விக்கு உங்கள் தலைமை நிர்வாகி கையெழுத்தோடு பதில் வர வேண்டும், தானியங்கி மெயில் வேண்டாம்.

தொழிலுக்காக வாங்கிய சேவை என்று சொல்லி நுகர்வோர் ஆணையத்தில் தப்பித்துக்கொள்ள முடியும் என்று உங்கள் வக்கீல் சொல்லக்கூடும். அதனால் அந்தக் கதவைத் தட்டப் போவதில்லை. பணத்துக்கு வக்கீல் நோட்டீஸ் தயாராக இருக்கிறது. ஆடிட்டர் விஷயத்தில் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவுக்கு ஃபார்ம் 1-இல் புகார் எழுதி வைத்திருக்கிறேன், பதில் வரும்வரை அனுப்ப மாட்டேன்.

கடைசியாக, டிசம்பர் 28 அன்று என்னிடம் எடுத்த பன்னிரண்டு மாதச் சந்தாவை உங்கள் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. பொறுப்பு என்று எழுதியிருந்தால் திருப்பித் தருவதில் சிரமம் இருக்காது.

இப்படிக்கு,
இயக்குநர்

இணைப்பு: செப்டம்பர் 4 வரைவு, திருத்தப் பதிவேட்டின் அச்சுப் பிரதி, ஐந்து மெயில்கள், டிசம்பர் 16 மெயில், இரண்டு படிவங்களின் கட்டண ரசீதுகள்.