அட்டை இல்லாத 29ஆம் இதழ்

ஆசிரியருக்கு வணக்கம்.

காமிக்ஸ் நாயகர்கள் வெள்ளித்திரைக்கு வந்த கதையைப் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். ஒரு இடத்தைத் தவிர எல்லாமே பிடித்திருந்தது. மார்வெல் காமிக்ஸின் குங்ஃபூ நாயகன் ஷாங்-சி பற்றி எழுதும்போது, 2021இல் வந்த படத்தைப் பார்த்தால் போதும், பழைய புத்தகங்களில் சீனர்களைக் கேவலப்படுத்துவதைத் தவிர ஒன்றும் இல்லை என்று கட்டுரையாளர் இரண்டே வரியில் முடித்துவிட்டார். அதைப் படித்த கையோடு எழுந்துபோய் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து என் பழைய பிரதியை எடுத்தேன். அன்று ராத்திரியே முழுதும் படித்தும் முடித்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

'மாஸ்டர் ஆஃப் குங்ஃபூ' 29ஆம் இதழ், மார்வெல் வெளியீடு, 1975 ஜூன். 1981இல் சித்தப்பாவோடு சென்னைக்குப் போயிருந்தபோது மூர் மார்க்கெட்டில் ஒரு ரூபாய்க்கு வாங்கியது. அட்டை அப்போதே கிடையாது. முதல் பக்கத்து மூலையில் யாரோ பேனாவில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். எனக்குப் பதினைந்து வயது. ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் அந்த வயதில் நான் படித்தது படங்களை மட்டும்தான்.

படங்களே போதுமானதாகவும் இருந்தன. இந்த இதழில்தான் ரேஸர் ஃபிஸ்ட் என்பவன் முதன்முதலாக வருகிறான். இரண்டு கையும் மணிக்கட்டோடு இல்லை. அந்த இடத்தில் நீளமான எஃகுக் கத்திகள். (படத்தில் ஒரு கைக்கு மட்டும்தான் கத்தி வைத்தார்கள்.) எங்கள் வயதுப் பையன்களுக்கு இரும்புக் கை என்றால் முத்து காமிக்ஸ் மாயாவிதான். அவர் உளவுத்துறையில் நம் பக்கம் நின்று சண்டை போடுகிறவர். கையே ஆயுதமான ஒருவன் எதிராளியாகவும் வர முடியும் என்பது எனக்குப் பெரிய அதிர்ச்சி. தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால்கூட இவன் என்ன செய்வான் என்று பள்ளிக்கூடத்தில் நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

அப்புறம் பால் குலாசியின் ஓவியம். அந்த இதழ் வந்தபோது அவருக்கு 21 வயதுதான். ஷாங்-சியின் முகத்தில் புரூஸ் லீயை அப்படியே கொண்டுவந்திருப்பார். பிந்தைய இதழ்களில் கூட வரும் பிரிட்டிஷ் உளவாளி கிளைவ் ரெஸ்டனைப் பார்த்தால் ஜேம்ஸ் பாண்டாக நடித்த ஷான் கானரி ஞாபகம் வரும். ஒரு உதையை ஒரே படமாகப் போட்டுவிட்டு நகர்கிற ஓவியர் அல்ல அவர். பக்கத்தை மெல்லிய பட்டைகளாகப் பிரித்து, கால் தரையை விட்டு எழும்புவது, இடுப்பு திரும்புவது, எதிராளியின் தோள் பின்வாங்குவது என்று படிப்படியாகக் காட்டுவார். நிழலை அவர் அளவுக்குத் தாராளமாகப் பயன்படுத்தியவர்கள் அந்தக் காலத்தில் குறைவு.

இந்தத் தடவை எழுத்தையும் படித்தேன். இவ்வளவு நாள் இதைத் தவறவிட்டோமே என்றிருந்தது. டக் மென்ச் எழுதிய கதை அது. ஷாங்-சியே தன் வாயால், நிகழ்காலத்தில் சொல்லிக்கொண்டு போகிறான். குத்துவதற்கு முன்னால் யோசிக்கிறான், குத்திய பிறகு வருந்துகிறான். இந்த 29ஆம் இதழோடுதான் தொடர் முழுசாக உளவுக் கதையாக மாறுகிறது. பிரிட்டிஷ் உளவுத்துறையைச் சேர்ந்த சர் டெனிஸ் நேலண்ட் ஸ்மித் அவனை அனுப்புகிறார். பிரான்ஸில் கோட்டை கட்டிக்கொண்டு போதைப்பொருள் கடத்தும் கார்ல்டன் வெல்க்ரோவைப் பிடிக்க வேண்டும். வழக்கமான உளவாளி என்றால் மேலங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பான். இவனுக்கு அந்தத் தொழிலே பிடிக்கவில்லை. 'வஞ்சகமும் மரணமும் கலந்த விளையாட்டு' என்றுதான் தொடர் நெடுக உளவு வேலையைச் சொல்கிறான். உளவாளியே உளவு வேலையை இப்படிப் பேசுவதை அன்றைக்கு நான் வேறு எந்தக் காமிக்ஸிலும் பார்த்ததில்லை.

அவன் ஏன் அப்படி ஆனான் என்பதற்கு ஆரம்பத்துக்குப் போக வேண்டும். ஸ்டீவ் எங்கிள்ஹார்ட்டும் ஜிம் ஸ்டார்லினும் 1973 டிசம்பர் தேதியிட்ட இதழில் தொடங்கிய கதை இது. புரூஸ் லீ அந்த ஜூலையில்தான் இறந்திருந்தார். அமெரிக்கா முழுக்க குங்ஃபூ மோகம். அந்த முதல் கதையில், அப்பா உத்தமர் என்று நம்பி வளர்ந்த மகன், அப்பா சொன்னார் என்று லண்டனுக்குப் போய் ஒரு கிழவரைக் கொல்கிறான். பிறகுதான் அப்பா உண்மையில் ஒரு கொடியவர் என்று தெரிகிறது. இரண்டு கால்களும் நசுங்கிச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேலண்ட் ஸ்மித்தை நேரில் பார்க்கிறான். அப்பாவை நம்பி ஒரு தடவை கொலைகாரன் ஆனவன், இன்னொரு பெரியவர் 'போய் முடித்துவிட்டு வா' என்றால் எப்படித் தயங்காமல் இருப்பான்? 29ஆம் இதழில் அவன் காட்டும் தயக்கத்தின் கனம் எனக்கு இப்போதுதான் புரிந்தது. எனக்கும் இப்போது சொன்ன பேச்சைக் கேட்காத வயதில் ஒரு மகன் இருக்கிறான்.

சரி, கட்டுரையாளரின் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அதை நான் மறுக்கவில்லை. அந்த அப்பா வேறு யாருமல்ல, ஃபூ மாஞ்சு. ஆங்கில எழுத்தாளர் சாக்ஸ் ரோமர் 1913இல் நாவலாகக் கொண்டுவந்த பாத்திரம், சீனர்களைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் பயப்பட்ட பயத்தில் பிறந்தது. மார்வெல் அதைக் காசு கொடுத்து உரிமை வாங்கிப் பயன்படுத்தியது. நிறமோ அதைவிட மோசம். என் பிரதியை விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். வெள்ளைக்காரர்களின் முகம் வெளிர் ரோஜா நிறம். ஷாங்-சியின் முகம் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்து அப்பியது. பூதக்கண்ணாடி வைத்தால் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றையும் குறிப்பிட்ட அடர்த்திகளில் கலந்து 64 நிறம்தான் அந்த அச்சில் எடுக்க முடியும் என்பது உண்மை. ஆனால் அந்த 64இல் மனிதத் தோலுக்கு இதைவிட நெருக்கமான நிறம் இல்லவே இல்லை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

கட்டுரையாளருக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அந்த நிறத்தைக் கேள்வி கேட்டவர்கள் அந்தத் தொடரின் வாசகர்களேதான். பின்னாளில் அறிவியல் புனைகதை எழுத்தாளரான வில்லியம் வூ, அமெரிக்கச் சீனர், இளைஞராக இருந்தபோது வாசகர் கடிதம் எழுதி இதைச் சுட்டிக்காட்டியவர். அவர் புத்தகத்தைத் தூக்கி எறியவில்லை. படித்தார், ரசித்தார், தப்பை எழுதி அனுப்பினார். 'படிக்க எதுவும் இல்லை' என்று நாம் மூடிவிட்டால் அவருடைய கேள்வியும் சேர்ந்தே மறைந்துபோகும்.

மறைந்துபோகவும் இருந்தது. 1983இல் 125ஆம் இதழோடு தொடர் நின்றது. ஃபூ மாஞ்சு உரிமை கைவிட்டுப் போனதால் முப்பது வருஷத்துக்கும் மேலாக மார்வெலால் அவற்றை மறுபதிப்பு செய்ய முடியவில்லை. 2016இல்தான் கனத்த தொகுதிகளாக வரத் தொடங்கின. அதுவரை என்னைப் போன்றவர்களின் அலமாரியில் அட்டை கிழிந்து கிடந்தவைதான் மிச்சம். படத்தில் அப்பாவுக்கு வென்வூ என்று வேறு பெயர் வைத்து, டோனி லியூங் போன்ற நடிகரை நிறுத்தியது மிக நல்ல காரியம். நானும் ரசித்தேன். ஆனால் அப்பாவை மறுத்த மகனின் அந்தத் தனிமையை மென்ச் வருஷக்கணக்காக இதழ் இதழாக எழுதினார். இரண்டு மணி நேரப் படத்தில் அதற்கு இடம் போதாது.

அடுத்த முறை காமிக்ஸ் பற்றிக் கட்டுரை போடும்போது, குறைந்தது ஒரு இதழையாவது முழுதாகப் படித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். கட்டுரையாளருக்குப் பிரதி கிடைக்கவில்லை என்றால் என்னுடையதைப் பதிவுத் தபாலில் அனுப்பி வைக்கிறேன். காகிதம் பழுத்துவிட்டது, ஓரம் பொடிகிறது, பக்கத்தை மேல் மூலையைப் பிடித்து மெதுவாகத் திருப்ப வேண்டும். படித்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
பாளையங்கோட்டை.