கலைக் கழகச் செயலாளரின் ஆண்டறிக்கை: களரிக்கு வந்த எலிக்காய்ச்சல்

தலைவர் அவர்களே, மதிப்பிற்குரிய அண்ணாவியார் அவர்களே, கழக அங்கத்தவர்களே,

நிர்வாக சபைக் கூட்டங்கள் ஒழுங்காக நடைபெற்றன. சந்தா நிலுவை பற்றிப் பொருளாளர் தமது கணக்கறிக்கையில் கூறுவார். இவ்வருடம் எமது நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது எலிக்காய்ச்சல் ஆய்வுக்காக நாம் ஆடிய கூத்தேயாகையால், அதனையே இங்கு விரிவாகக் குறிப்பிடுகிறேன்.

எலி, மாடு, எருமை ஆகியவற்றின் சிறுநீருடன் வெளியேறும் கிருமி வயல் நீரில் கலந்து, காலிலுள்ள வெட்டுக்காயம், வெடிப்பு வழியாக உடலுட் புகுவதால் வரும் இக்காய்ச்சல் 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் ஏற்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்டது. தடுப்புக்காக வாரம் ஒருமுறை விழுங்கும் 200 மில்லிகிராம் டொக்ஸிசைக்கிளின் குளிசை (மாத்திரை), வயல் வேலை செய்வோருக்குச் சுகாதாரப் பரிசோதகர்கள் மூலம் வழங்கப்படுகிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள வயற்பகுதியான படுவான்கரையில் அதனை எத்தனை பேர் உண்மையில் விழுங்குகிறார்கள் என்பதே ஆய்வுக் குழுவினரின் கேள்வி. வினாக்கொத்துடன் வீடு வீடாகச் சென்றவர்களுக்கு எல்லோரும் "போடுகிறோம்" என்றே பதில் கூறியிருந்தனர்.

எலிக்கு முடி வைத்து, அரசர் சபைக்கு வரும் ஆட்டமான கொலுவரவு ஆட, கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் இறுதிவரை சம்மதிக்கவில்லை. அது நன்மையாகவே முடிந்தது. எலியை விடுத்து, அரசர் வரவைக் கூறும் கட்டியகாரனை முன்னிறுத்தினோம்; அவன் கூத்தாடும் மேடையான வட்டக்களரியைச் சுற்றி வந்து, "குளிசை எங்கே?" என்று சபையைக் கேட்டான். முன்வரிசையிலிருந்த முதியவர் ஒருவர் வெற்றிலைப் பையை அவிழ்த்து, பிரிக்கப்படாத குளிசைகளை எடுத்துக் காட்டினார். "வெறுவயித்தில போட்டா சத்தி வருகுது, மனே. விடியமுன்னம் பிளேன்ரீயக் குடிச்சிட்டுப் போறவனுக்குச் சோறு எப்ப?" என்றார். மத்தளம் நின்றுவிட்டது. பின்னர் ஆய்வுக் குழுவினர் தனித்தனியே விசாரித்தபோது வேறு சிலரும் வெறுவயிற்றில் வாந்தி வருவதாகவே கூறினர்; காய்ச்சல் வந்தபின் போடும் மருந்து என்று எண்ணியிருந்தோரும் இருந்தனர். வயலுக்குச் சோறு கொண்டு செல்லும் பெண்களின் யோசனைப்படி, மதியச் சோற்றுடன் குளிசையும் போகும் காட்சியொன்றைச் சேர்த்தோம். எமது கூத்தில் மிகவும் ரசிக்கப்பட்டது அதுவே.

எனினும் ஒரு தவறை மறைக்க விரும்பவில்லை. ஆரம்பத்தில் ஒப்புதல் படிவங்களைக் களரியிலேயே அண்ணாவியார் முன்னிலையில் நிரப்பச் செய்தோம். அவரது முகத்திற்காகக் கையொப்பமிட்டவர்களே அதிகம். அது உண்மையான சம்மதம் ஆகாது. ஆய்வுக் குழுவினர் அப்படிவங்களை ஒதுக்கிவிட்டு, எம்மில் எவரும் உடன் செல்லாமல், வீடுகளுக்குச் சென்று மீண்டும் கேட்டனர். நோயுற்றவர்கள் கூறிய அனுபவங்களைத் தருவாக (கூத்துப் பாட்டாக) பாடியபோது, இன்னார் என்று ஊரார் இனங்காணாதபடி விபரங்களையும் மாற்றினோம்.

முன்பு வேறொரு குழுவினர் எமது ஆட்டத்தை ஒளிப்பதிவு செய்துகொண்டு போய், முடிவை ஊருக்குச் சொல்லாமலே விட்டதை அங்கத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆதலால் இம்முறை முடிவுகள் அறிக்கையாக வெளிவருமுன் களரியில் வாசிக்கப்பட வேண்டும் என்று எழுத்தில் பெற்றுக்கொண்டோம். அவ்வாசிப்பு இன்னும் நடைபெறவில்லை. பெரும்போக அறுவடை முடிந்ததும் அதற்கான நாளைச் சபை தீர்மானிக்க வேண்டுமெனக் கேட்டு, இவ்வறிக்கையை அங்கீகாரத்திற்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்