டிரம்மைக் கவிழ்த்தால் போதாது, தேய்க்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் தெருத்தெருவாகப் புகை அடிக்கிறார்கள். அது பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, டிரம்மின் உட்சுவரில் நீர்மட்டத்தை ஒட்டி முட்டையிடும். கரும்புள்ளியாக ஒட்டியிருக்கும் அந்த முட்டைகள் தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி நீர் ஏறியதும் பொரிந்து, 7 முதல் 10 நாளில் கொசுவாகிவிடும். அதனால் வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்து, உட்சுவரை விளிம்பு வரை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். மூடி இல்லையென்றால் பழைய வேட்டியை இரண்டாக மடித்து இறுக்கிக் கட்டலாம். துணி தொய்ந்து நீரில் படக் கூடாது.

தினமும் குழாயில் தண்ணீர் வரும் வீட்டுக்கு டிரம் தேவையில்லை. லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் குடியிருப்புகளுக்கு வேறு வழியில்லை. டிரம்மில் கொசுப்புழு இருக்கிறது என்று அவர்களிடம் அபராதம் கேட்பது அநியாயம். மாநகராட்சி அவர்களுக்கு இறுக்கமான மூடிகளை இலவசமாகக் கொடுக்கட்டும்.

இன்னொன்று. டெங்குவில் காய்ச்சல் தொடங்கிய 3 முதல் 7 நாளுக்குள், காய்ச்சல் தணியும் நேரத்தில்தான் ஆபத்து அதிகம். கூலி வேலை செய்பவர்களோ காய்ச்சல் விட்டதும் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடல்வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் கூடாது, ரத்தக்கசிவை அதிகமாக்கும். பாராசிட்டமால் மட்டும் போதும்.

காய்ச்சல் முகாம்களைக் கூலித் தொழிலாளர்கள் வேலை முடிந்து திரும்பும் மாலை நேரத்தில் நடத்த மாநகராட்சி முன்வர வேண்டும்.

– ஒரு சுகாதாரப் பணியாளர், வடசென்னை