பாதியில் நின்ற மாணவர்கள் நாக் கணக்கில் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

‘நாக் ஏ++’ (உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் தரும் உச்சத் தரம்) என்று கல்லூரி வாசலில் இருக்கும் பலகையைப் பார்த்துத்தான் இப்போது நிறையப் பெற்றோர் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். அந்தத் தரத்துக்கான தேர்ச்சிக் கணக்கில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. கலை அறிவியல் கல்லூரி ஆசிரியர் என்ற முறையில் அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

நாக் கேட்கும் தேர்ச்சி விகிதம், இறுதியாண்டுத் தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் பாஸ் என்பதுதான். ஒரு வகுப்பில் 60 பேர் சேர்ந்து, 15 பேர் நடுவிலேயே நின்று, மிச்சம் 45 பேரில் 40 பேர் பாஸானால் அறிக்கையில் கிட்டத்தட்ட 89 சதவீதம். சேர்ந்த 60 பேரை வைத்துப் பார்த்தால் 67 சதவீதம்கூட இல்லை. அந்த 15 பேர் எங்கே போனார்கள்? அவர்களுக்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது. மாணவர் திருப்திக் கருத்துக்கணிப்பும் இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களிடம்தான் எடுக்கப்படுகிறது, விட்டுப் போனவரை யாரும் கேட்பதில்லை. கேள்வித்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் சி.ஓ. (அந்தப் பாடத்தில் மாணவர் கற்றிருக்க வேண்டிய இலக்கு) எண் போட்டு மதிப்பெண்ணை எக்செல்லில் ஏற்றி ‘கற்றல் அடைவு’ என்று ஒரு எண் எடுக்கிறோமே, அதுவும் பரீட்சைக்கு வந்த பிள்ளைகளை வைத்துத்தான்.

நிற்கிறவர்கள் பெரும்பாலும் யார் என்று வகுப்பெடுக்கிற எல்லோருக்கும் தெரியும். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்து முதல் செமஸ்டரிலேயே ஆங்கிலத்திலும் கணக்கிலும் அரியர் வைத்தவர்கள், வீட்டுக் கடனுக்காக ஜவுளிக்கடைக்கோ டெலிவரி வேலைக்கோ போனவர்கள், திடீரென்று கல்யாணம் நிச்சயமான பெண்கள். வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளும் இதில் நிறைய. இவர்களைத் தக்கவைக்க ஒரு கல்லூரி மாலையில் தனி வகுப்பு எடுத்து, வீடு வரை போய்ப் பேசி, படாத பாடு பட்டுக் கடைசி ஆண்டு வரை கொண்டுவந்தால், அரியரோடு தேர்வெழுதும் அந்தப் பிள்ளைகளால் அதன் தேர்ச்சி விகிதம் குறையத்தான் செய்யும், ஆனால் கண்டுகொள்ளாமல் டிசி கொடுத்து அனுப்பிய கல்லூரிக்கு அதே விகிதம் கூடும். இது அநியாயம்.

சேர்ந்தவர்களை வைத்துக் கணக்கிட முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் என்.பி.ஏ., முதலாண்டில் சேர்ந்தவர்களையும் லேட்டரல் என்ட்ரியில் (நேரடியாக இரண்டாமாண்டில்) வந்தவர்களையும் கூட்டி, அதில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள் என்றுதான் கேட்கிறது. தமிழ்நாட்டில் உதவித்தொகைக்காகவும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்காகவும் மாணவர் விவரங்கள் யுமிஸ் என்ற அரசு இணையதளத்தில் ஏற்கெனவே ஏற்றப்படுகின்றன. அப்புறம் என்ன தடை?

கிரேடை எடுத்துவிட்டு, அங்கீகாரம் உண்டு அல்லது இல்லை என்று இரண்டே நிலை வைக்கப்போவதாக 2024 ஜனவரியில் நாக் அறிவித்தது. விதிகளை மாற்றும் இந்த நேரத்திலேயே, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள் என்பதைத் துறைவாரியாகக் கட்டாயம் கேட்க வேண்டும், அந்த எண்ணைக் கல்லூரிகள் சேர்க்கை விளம்பரத்திலேயே போடவும் வேண்டும்.

– கல்லூரி ஆசிரியர், மதுரை மாவட்டம்