சாக்கடைக்கு எதற்குத் தேர்தல் என்று கேட்ட குணாவுக்கு

அன்புள்ள குணா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. இனியாவது டாக்டர் சொல்வதைக் கேள், மாடிப்படியில் வீரம் காட்டாதே. இங்கே எல்லாரும் சுகம். மகள் பட்டர்வொர்த்துக்கு மாற்றலாகி வந்துவிட்டாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் பேத்தி இங்கே வந்து இறங்கிவிடுவாள், அப்புறம் இரண்டு நாளைக்கு வீட்டில் டிவி ரிமோட் யார் கையில் இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைசிப் பக்கத்தில் நீ போகிற போக்கில் இரண்டு சங்கதி எழுதியிருந்தாய். உன் பேரன் பள்ளிக்கூடத்தில் ஜப்பான்காரன் காலத்துப் பினாங்கைப் பற்றி எழுத வேண்டுமாம், எனக்குத் தெரிந்ததை அனுப்பச் சொன்னாய். அப்புறம், ஊராட்சி மன்றத் தேர்தல் பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறதே, தெரு விளக்குக்கும் சாக்கடைக்கும் எதற்கப்பா தேர்தல், வைத்தால் இனப்பேச்சுதான் கிளம்பும், நல்ல ஆளாகப் பார்த்து நியமித்தால் போதாதா என்று கேட்டிருந்தாய். நீ இரண்டையும் தனித்தனியாக நினைத்து எழுதியிருப்பாய். எனக்கு என்னவோ முதல் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் இரண்டாவதற்கும் அதிலேயே பதில் வந்துவிடுகிறது. கொஞ்சம் நீளும், காலை நீட்டிப் போட்டுக்கொண்டு படி.

பேரனுக்கு முதலில் ஒன்றைச் சொல். பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனை அப்போது நடத்தியது முனிசிபல் கமிஷன். 1857-லேயே இந்த ஊரில் வரி கட்டுகிறவர்கள் கமிஷனர்களில் சிலரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாருக்கும் ஓட்டு கிடையாது, சொத்து உள்ளவனுக்கு மட்டும்தான், இருந்தாலும் ஓட்டு ஓட்டுதானே. 1913-இல் சட்டத்தை மாற்றி அதையும் எடுத்துவிட்டார்கள், மேலிருந்து நியமித்தவர்கள்தான் கமிஷனர்கள் என்று ஆகிவிட்டது. ஆக 1941-இல் போர் வந்தபோது இங்கே இருந்தது நீ கேட்கிற அதே ஏற்பாடு. நல்ல ஆளாகப் பார்த்து நியமித்த ஏற்பாடு.

டிசம்பர் 8-ஆம் தேதி மலாயாவின் கிழக்குக் கரையில், கோத்தா பாருவில் ஜப்பான்காரன் இறங்கினான். 11-ஆம் தேதி நம் ஊர் மேல் குண்டு போட்டான். பீச் ஸ்ட்ரீட் பக்கமும் பசார் பக்கமும் சனங்கள் கடையை விட்டு வெளியே வந்து அண்ணாந்து விமானத்தை வேடிக்கை பார்த்தார்களாம், நம்முடைய விமானம் என்று நினைத்தவர்களும் உண்டு. ஊரில் விமானத்தை எதிர்த்துச் சுட ஒரு பீரங்கி கிடையாது. செத்தவர்கள் கணக்கை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள், பேரன் எண் எதையும் போட வேண்டாம், நிறையப் பேர் என்று எழுதினால் போதும். பிழைத்தவர்கள் ஆயர் ஈத்தாம் பக்கமும் பாலிக் புலாவ் பக்கமும் ஓடினார்கள். ஊருக்குள் பிணம் எடுக்க ஆள் இல்லை, கடைகளில் கொள்ளை, தீ.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது. 13-ஆம் தேதி வாக்கில் ஐரோப்பியப் பெண்களையும் குழந்தைகளையும் ரகசியமாக அனுப்பினார்கள். 16-ஆம் தேதி இரவு மிச்சமிருந்த ராணுவமும் அதிகாரிகளும் கப்பலேறிவிட்டார்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் ஊரில் அரசாங்கமே இல்லை. அப்புறம் சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பர் அங்குள்ள வானொலியில் பேசியபோது பினாங்கு மக்களில் பெரும்பாலானவர்களை வெளியேற்றியாகிவிட்டது என்கிற மாதிரிச் சொன்னார் பார், அந்த மக்களே இங்கே உட்கார்ந்து அதைக் கேட்டார்கள். மக்கள் என்று அவர் யாரை எண்ணினார் என்பது அன்றைக்கு எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

கமிஷனில் ஆசியர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சாவி இருந்த கை வெள்ளைக்காரன் கை. அவன் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? நியமித்தவனுக்கு. நியமித்தவன் கிளம்பு என்றான், கிளம்பிவிட்டான். இதில் அவன் பக்கம் ஒழுங்கீனம்கூட இல்லை, அதுதான் வேடிக்கை, உத்தரவுக்குக் கீழ்ப்படிந்துதான் ஊரைக் கைவிட்டிருக்கிறான்.

அந்த வெற்றிடத்தில் எழுந்து நின்றவர் யார் தெரியுமா, ஒரு பத்திரிகைக்காரர். ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து, இலங்கைத் தமிழர். அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவர் ரத்னசோதி, கொழும்பு மாநகரத்தின் முதல் மேயர், ஊர் நிர்வாகம் அவர்கள் வீட்டு ரத்தத்திலேயே இருந்திருக்கும் போல. சரவணமுத்து எல்லா இனத்திலும் ஆள் சேர்த்து பினாங்கு சேவைக் குழு என்று ஒன்றை அமைத்தார். அவர்தான் கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர். விட்டுப்போன வானொலி நிலையத்திலிருந்து, வெள்ளைக்காரன் போய்விட்டான், இங்கே இருப்பது பொதுமக்கள், இனிக் குண்டு போட வேண்டாம் என்று அறிவித்ததும் அவர்தான். ஜப்பான் படை 19-ஆம் தேதி வந்து சேர்ந்தது. பின்னாளில் அவர் இலங்கையின் தூதராகவெல்லாம் இருந்தார்.

கொடி இறக்கியதைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள், படத்துக்கு நல்ல காட்சி. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அந்த இரண்டு மூன்று நாளில் அந்தக் குழு பார்த்த மற்ற வேலைகள். பிணங்களை எடுத்துப் புதைப்பது, அரிசி எங்கே இருக்கிறது என்று பார்த்து ஒழுங்காகக் கொடுப்பது, கொள்ளையைத் தடுக்க இளைஞர்களைத் தெருவில் நிறுத்துவது. எதுவும் வீரப் பதக்கம் கிடைக்கிற வேலை இல்லை. முனிசிபல் வேலை. சாக்கடை என்று நீ சிரிக்கிறாயே, வெயிலில் ஒரு வாரம் குப்பையும் பிணமும் கிடந்தால் அடுத்து வருவது வாந்திபேதி, அதற்கு ஜப்பான்காரன் வேண்டியதில்லை.

என் தாத்தா முனிசிபாலிட்டி குப்பை வண்டியில் இருந்தவர் என்பது உனக்குத் தெரியும். பாட்டியையும் பிள்ளைகளையும் ஆயர் ஈத்தாமில் விட்டுவிட்டு அவரும் இன்னும் சிலரும் ஊருக்குள் திரும்பிப் போனார்களாம். சம்பளம் யார் தருவார்கள் என்று தெரியாது, கணக்குப் பிள்ளையும் இல்லை, துரையும் இல்லை. அப்பா பெரியவரான பிறகு ஒருநாள், எதற்காகப் போனீர்கள் என்று கேட்டிருக்கிறார். "நாறிப்போயிடுமேடா" என்றாராம். அதற்கு மேல் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. பேரன் இதை எழுதிக்கொள்ளலாம், பெயர் போட வேண்டாம்.

அப்புறம் வந்த மூன்றரை வருடம் உனக்கே தெரிந்த கதை, ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டு, மரவள்ளிக்கிழங்கு, தோட்டத்துச் சனங்களைச் சயாம் ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனது. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொல்: 1945 பிப்ரவரி 1-ஆம் தேதி நேச நாட்டு விமானங்கள் இங்கே குண்டு போட்டபோது அரசாங்கச் செயலகக் கட்டடம் போனது, ஊர் ஆவணங்களில் பெரும் பகுதி அதோடு போய்விட்டது. அதனால்தான் அந்தக் காலத்தைப் பற்றி எதைத் தேடினாலும் பாதிக்குக் காகிதம் இருக்காது, தாத்தாக்கள் சொன்னதுதான் இருக்கும். செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், ஒன்றுமே நடக்காத மாதிரி.

ஆனால் சனங்கள் பழைய சனங்களாக இல்லை. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் நடந்த தேர்தல்தான் இந்த நாட்டிலேயே போருக்கு அப்புறம் நடந்த முதல் நகராட்சித் தேர்தல், 15 இடத்தில் 9 இடத்துக்கு. சில வருடத்தில் கவுன்சில் முழுக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கைக்கு வந்தது. 1957 ஜனவரி 1-ஆம் தேதி ஜார்ஜ்டவுன் மாநகரம் ஆனது, மெர்டேகாவுக்கே, அதாவது நாட்டுச் சுதந்திரத்துக்கே, எட்டு மாதம் முன்னால். முதல் மேயர் டி.எஸ். ராமநாதன், லேபர் கட்சி. இதை நீ கவனிக்க வேண்டும். தேர்தல் வைத்தால் இனப்பேச்சு கிளம்பும் என்கிறாயே, சீனர்களே பெரும்பான்மையாக இருந்த ஊருக்கு முதல் மேயர் ஒரு தமிழர். நாம் சின்னப் பையன்களாக இருந்தபோது பஸ் கவுன்சிலுடையது, கரண்டு கவுன்சிலுடையது, தண்ணீர் கவுன்சிலுடையது. கையில் காசு இருந்த கவுன்சில், அதிலும் எதிர்க்கட்சி கையில் இருந்த கவுன்சில். அதில்தான் சிலருக்குக் கண் உறுத்தியது என்று நான் நினைக்கிறேன், நீ ஒத்துக்கொள்ள மாட்டாய்.

இரண்டாவது போர் அப்போது வந்தது. 1963-இல் இந்தோனேசிய அதிபர் சுகார்னோ மலேசியாவை நசுக்கு என்று கிளம்பினாரே, அது. 64-இல் பொந்தியானில் ஆள் இறக்கினார்கள், லாபிஸில் பாராசூட்டில் குதித்தார்கள், எல்லாம் ஜொகூர் பக்கம். நாம் பள்ளிக்கூடத்தில் இந்தோனேசியாக்காரன், மலேசியாக்காரன் என்று பிரிந்து விளையாடினோமே, இந்தோனேசியாக்காரனாக இருக்க யாரும் வரமாட்டார்கள், கடைசியில் உன்னைத்தான் பிடித்து நிறுத்துவோம். 1965 மார்ச்சில் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அரசாங்கம் ஊராட்சி மன்றத் தேர்தல்களை எல்லாம் நிறுத்திவைத்தது. போர்க்காலம், அமைதி வந்ததும் திரும்ப நடத்துவோம் என்றார்கள். 1966 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. தேர்தல் வந்ததா? அதே வருடம் ஜார்ஜ்டவுன் கவுன்சிலின் அதிகாரத்தை எடுத்து மாநில முதலமைச்சர் கையில் கொடுத்தார்கள்.

யோசித்துப் பார் குணா, தலை மேல் குண்டு விழுந்த போரில் ஊர் தன்னைத் தானே எழுந்து நடத்தியது. ஜொகூரில் நடந்த போரில் இங்கே ஓட்டுப்பெட்டி போனது, இன்னும் வரவில்லை.

ஊழல் புகார் இருந்ததே என்பாய். இருந்தது. ஜார்ஜ்டவுன் மட்டும் இல்லை, வேறு சில ஊர் கவுன்சில்கள் மேலும் இருந்தது. அதை விசாரிக்கத்தான், ஊராட்சி எப்படி நடக்க வேண்டும் என்று பார்க்கத்தான், 1965-இல் அரச விசாரணை ஆணையம் போட்டார்கள். தலைவர் ஆதி நாகப்பன், நம்மவர், மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) செனட்டர், ஆளும் கூட்டணி ஆள். (அவர் மனைவி ஜானகி, நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்தவர், அந்தப் போர்க் கதைக்குத் தனியாக ஒரு கடிதம் வேண்டும்.) ஆதி நாகப்பன் ஊர் ஊராகக் கேட்டு 1968 கடைசியில் அறிக்கை கொடுத்தார். குறைகளை மூடி மறைக்கவில்லை. ஆனால் குறை இருக்கிறது என்பதற்காகத் தேர்தலை எடுக்காதே, தேர்ந்தெடுத்த மன்றம்தான் வேண்டும் என்று பரிந்துரைத்தார். அரசாங்கம் அறிக்கையை வெளியிடவே 1971 ஆகிவிட்டது, அந்தப் பரிந்துரையை ஏற்கவும் இல்லை. 1976-இல் ஊராட்சிச் சட்டம் கொண்டுவந்து இனி நியமனம்தான் என்று முடித்துவிட்டார்கள். இதில் ஒரு கூத்து, மலாய்க்காரர்களின் அம்னோ கட்சியும் சீனர்களின் மசீச கட்சியும் முதன்முதலில் கைகோத்ததே 1952-இல் உங்கள் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில்தான், கூட்டணி பிறந்த தொட்டில் அது. பெரியவனானதும் தொட்டிலைத் தூக்கி வெளியே போட்டுவிட்டார்கள்.

பினாங்கு அரசு 2012-இல் தனியாகச் சட்டம் போட்டுத் தேர்தலைக் கொண்டுவரப் பார்த்தது, 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. இப்போது எங்கள் மாநகர் மன்றத்தில் மேயர் போக 24 உறுப்பினர்கள், எல்லாரும் நியமனம். நல்லவர்கள் இருக்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை. உன் ஊரில் அந்த உறுப்பினர் மன்றம்கூட இல்லை, மேயரும் நியமனம். நீ தீவில் பிறந்து அங்கே போய் உட்கார்ந்துகொண்டு எனக்கு நியமனத்தின் பெருமையைச் சொல்கிறாய்.

நியமித்தவர்கள் எல்லாரும் ஓடிப்போவார்கள், தேர்ந்தெடுத்தவர்கள் எல்லாரும் நிற்பார்கள் என்று நான் சொல்லவில்லை. சரவணமுத்துவை யாரும் ஓட்டுப் போட்டு உட்கார வைக்கவில்லை. நான் கேட்பது வேறு. கஷ்ட காலத்தில் ஒருவர் யாரைத் திரும்பிப் பார்க்கிறார், மேலே இருப்பவரையா, தெருவில் இருப்பவரையா? சாதாரண நாளில் இது தெரியாது, குப்பை வண்டி எப்படியும் வந்துவிடும். உன் பதிலை எழுது. பிள்ளைகள் மாதிரி ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டுத் தப்பிக்கக் கூடாது.

பேரனிடம் சொல்லிவிடு, கட்டுரைக்குப் படம் வேண்டுமென்றால் எஸ்பிளனேடில் இருக்கும் சிட்டி ஹாலை எடுத்து அனுப்புகிறேன், 1903-இல் கட்டியது, பக்கத்திலேயே கோட்டை, இரண்டும் ஒரே நடையில் ஆகிவிடும். தைப்பூசத்துக்கு வருவதாகச் சொன்னாயே, இந்த முட்டியோடு தண்ணீர்மலைப் படியேறுவதெல்லாம் நடக்காது, கீழேயே ரதத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடு. பட்டர்வொர்த் ரயில் டிக்கெட் அந்த வாரத்துக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும், விற்பனை திறந்த அன்றைக்கே மகனை விட்டு வாங்கச் சொல்.

அன்புடன்,
பாலா